ஹீற்றரைச் சுற்றிவிட்ட வான்: தீவகத்து வாகனங்களும் கிணற்றுத் தண்ணீரும்

சித்தப்பாவின் ஹயஸ் வானில் முன் இருக்கையில் ஏறி இருந்ததும் ஒரு இனிப்பு மணம் வந்தது. பாணி காய்ச்சும்போது வருகின்ற மணம் போல. மார்கழி மாதம், சரவணையில் விடியக் காலமை மழை தூறிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடியின் உட்புறம் புகார் படிந்திருந்தது. துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் எண்ணெய் பூசியதுபோல ஒரு மங்கல் மிஞ்சியது. காலுக்குக் கீழிருந்த கம்பளம் ஈரமாக இருந்தது.

"அது ஏசித் தண்ணி பிள்ளை" என்றார் சித்தப்பா.

வங்களாவடி கடந்து, மண்கும்பான் கடந்து, அல்லைப்பிட்டிக்குக் கிட்ட வந்தபோது சூட்டு முள் பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியது. சித்தப்பா பதற்றப்படவில்லை. வானை ஓரங்கட்டினார். இருக்கைக்குப் பின்னால் 5 லீற்றர் கான் ஒன்றில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ஊற்றி, மூடியைப் பூட்டினார். "ரெண்டு மாசமா இப்பிடித்தான். ஊத்தி ஊத்தி ஓடுறன்" என்றார்.

பின் இருக்கையில் அயலவர் ஒருவர் இருந்தார். வாரத்துக்கு 2 தடவை இரத்தச் சுத்திகரிப்புக்காக யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர். சரவணையிலிருந்து யாழ்ப்பாணம் இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட. பஸ் இருக்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்து களைத்துப் போனவரால் பஸ்ஸில் நின்று வர முடியாது. அவருக்கு அந்த வான்தான் வழி. சித்தப்பாவுக்கு அதுதான் வருமானம்.

அன்று மாலை கராஜில் மெக்கானிக் அண்ணை கம்பளத்தை விரலால் தொட்டு, இரண்டு விரல்களையும் உரசிப் பார்த்தார். "ஏசித் தண்ணி வழுக்காது. ஹீற்றர் கோர் ஓட்டை" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தை மாதப் பனிக்குக் கூட ஒரு போர்வை போதுமான ஊரில் ஒரு வாகனம் தன் ஹீற்றரால் படுத்துவிட்டது. ஆனால் அடுத்த நாட்களில் தெரிந்தவர்களிடம் விசாரித்தபோது தீவகத்தில் ஓடும் பழைய யப்பான் வான்கள் பலவற்றில் இதே கதை இருந்தது. சிலவற்றில் ஹீற்றர் எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. இப்போதைய சொந்தக்காரருக்கே அது தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹீற்றர் கோர் என்றால் என்ன?

எஞ்சின் எரியும்போது வரும் சூட்டை வெளியேற்ற அதற்குள் நீரும் கூலன்டும் கலந்த திரவம் ஓடிக்கொண்டிருக்கும். அது முன்னாலுள்ள ரேடியேற்றருக்குப் போய் ஆறித் திரும்பும். அதே திரவத்தின் ஒரு கிளை, எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து ஒரு ஹோஸ் வழியாக வாகனத்தின் உள்ளே வந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேற்றர் ஒன்றுக்குள் ஓடி, இன்னொரு ஹோஸ் வழியாக வோட்டர் பம்பின் உறிஞ்சு பக்கத்துக்குத் திரும்பும். அந்தச் சின்ன ரேடியேற்றர்தான் ஹீற்றர் கோர். குளிர் நாட்டில் அதன் ஊடாகக் காற்றை ஊதினால் உள்ளே சூடு வரும்.

எங்கள் தெருக்களில் ஓடும் வான்களில் பெரும்பாலானவை யப்பானில் பாவித்து இறக்குமதியானவை. யப்பானின் வடக்கில் ஆளுயரத்துக்குப் பனி கொட்டும். அதனால் அந்த நாட்டுச் சந்தைக்குச் செய்த பல வான்களில் முன்னால் ஒன்று, பின்னால் பயணிகளுக்கு ஒன்று என 2 ஹீற்றர்கள் இருக்கும். பின் ஹீற்றருக்கான இரும்புக் குழாய்கள் வாகனத்தின் வயிற்றுக்குக் கீழே நீளமாக ஓடும். பண்ணைப் பாலத்தில் தினமும் உப்புக் காற்றில் போய்வரும் வானுக்கு அந்தக் குழாய்கள் துருப்பிடிப்பது அதிசயமில்லை.

புதிய வாகனம் வாங்குவதும் இலகுவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் ரூபாய் விழுந்தது. இருபது, முப்பது வருடப் பழைய வான்களை வைத்தே காலத்தை ஓட்டவேண்டிய நிலை.

முதலில் நோயை உறுதிப்படுத்துங்கள்

கம்பளம் நனைந்தால் எல்லாம் ஹீற்றர் அல்ல. எங்கள் வெப்பத்தில் ஏசியிலிருந்து நிறையத் தண்ணீர் வடியும். அது வெளியேறும் குழாய் தூசியால் அடைபட்டால் உள்ளேயே சிந்தும். அந்தத் தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, வழுவழுப்பும் இல்லை. கூலன்டாக இருந்தால் பச்சை, சிவப்பு அல்லது நீல நிறம் தெரியும், விரலில் வழுக்கும், இனிப்பாக மணக்கும். வெறும் கிணற்றுத் தண்ணீரே ஊற்றிவந்த வாகனத்தில் துருவின் செம்மண் நிறம் இருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். கூலன்டில் உள்ள எதிலீன் கிளைகோல் நஞ்சு.

மற்ற அடையாளங்கள்: ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகும், ஆனால் வாகனத்துக்குக் கீழே நிலத்தில் ஈரம் இருக்காது. கண்ணாடியில் எண்ணெய்ப் புகார் படியும். ஓடி முடித்து நிறுத்தியபின் உள்ளே மணம் கூடும்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். எஞ்சின் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தாலோ, புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, ரேடியேற்றருக்குள் இடைவிடாமல் குமிழி வந்தாலோ அது ஹெட் கஸ்கற் நோயாக இருக்கலாம். ஹீற்றரைச் சுற்றிவிடுவதால் அது தீராது.

ஏன் சுற்றிவிடுகிறார்கள்?

"கோரை மாத்திறதெண்டா டாஷ்போர்ட் முழுக்கக் கழட்டவேணும். 2 நாள் வான் இஞ்ச நிக்கும். கோர் கிடைக்கவும் வேணும்" என்றார் மெக்கானிக் அண்ணை. சித்தப்பா மறுமொழி சொல்லவில்லை. அயலவரின் அடுத்த சிகிச்சை நாள் நெருங்கிவிட்டது.

"அப்ப சுத்தி விடுவம்" என்றார் அண்ணை.

சுற்றிவிடுதல் என்பது இவ்வளவுதான்: ஹீற்றருக்குள் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் அதிலிருந்து கழற்றி, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. திரவம் வழக்கம்போல எஞ்சினிலிருந்து வந்து பம்புக்குத் திரும்பும். ஓட்டையான கோருக்குள் மட்டும் போகாது.

குளிர் நாட்டில் இதைச் செய்ய முடியாது. ரொறன்ரோவிலுள்ள மச்சானிடம் தொலைபேசியில் சொன்னேன். "இஞ்ச அப்பிடிச் செய்தா காலமை கண்ணாடியில இருக்கிற ஐஸ் உருகாது, றோட்டும் தெரியாது" என்று சிரித்தார். அங்கே ஹீற்றர் உயிர்காக்கும் பொருள். இங்கே அது இல்லாமல் வாகனம் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

எப்படிச் செய்கிறார்கள்?

நான் பக்கத்தில் நின்று பார்த்ததையும், அண்ணை விளக்கியதையும், பின்னர் படித்து உறுதிப்படுத்தியதையும் சேர்த்துத் தருகிறேன்.

1. எஞ்சின் முற்றாக ஆறவேண்டும். மூடிய ரேடியேற்றருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை தாங்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும், உள்ளிருக்கும் தண்ணீர் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்கக்கூடியதாக இருக்கும்வரை பொறுத்திருங்கள்.

2. கீழே ஒரு அகன்ற பாத்திரத்தை வைத்து, திரவத்தின் ஒரு பகுதியை வடித்து எடுக்கவேண்டும். நிலத்தில் விடக்கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

3. எந்த ஹீற்றர் ஒழுகுகிறது என்று பாருங்கள். பின் ஹீற்றரோ அதன் குழாயோ என்றால், கிளை பிரியும் இடத்தில் அந்தக் கிளையை மட்டும் துண்டித்துச் சுற்றிவிட்டால் போதும். ஹயஸ் போன்ற வான்களில் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருப்பதால் இருக்கையைத் தூக்கினால்தான் ஹோஸ்கள் தெரியும்.

4. இரண்டு ஹோஸ்களின் முனைகளும் எட்டுமானால் நடுவில் ஒரு பித்தளை அல்லது செப்பு இணைப்புக் குழாயை வைத்து இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கலாம். எட்டாவிட்டால் பழைய ஹோஸ்களை எடுத்துவிட்டு, எஞ்சினின் இரண்டு வாய்களுக்கும் இடையே ஒரே புதிய ஹோஸைக் கொடுக்கலாம். அளவைப் பழைய ஹோஸைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது. 16 மில்லிமீற்றர் உள்விட்டம் பொதுவாகக் காணப்படும் அளவு.

5. ஹோஸ் மடிந்து நெரியக்கூடாது. அகலமாக வளைத்துவிடவேண்டும். புகைக்குழாய், பெல்ற், விசிறி ஆகியவற்றில் முட்டாமல் கட்டவேண்டும்.

6. கோருக்குள் மிஞ்சியிருக்கும் திரவத்தை ஊதி வெளியேற்றி, அதன் இரண்டு குழாய்களையும் அடைத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் இன்னும் சில நாட்களுக்கு மணமும் ஈரமும் இருக்கும்.

7. திரும்ப நிரப்பும்போது மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்து குமிழிகள் அடங்கும்வரை மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டிருக்கவேண்டும். உள்ளே காற்று அடைபட்டால் எல்லாம் சரியாகச் செய்தும் எஞ்சின் சூடேறும். முதல் நாள் சூட்டு முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். மறுநாள் காலை எஞ்சின் ஆறியபின் திரும்பவும் மட்டத்தைப் பாருங்கள்.

அண்ணைக்கு எல்லாமாக ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

செய்யக் கூடாதவை

இரண்டு வாய்களையும் தனித்தனியே ஆப்பு வைத்து அடைப்பது ஒரு குறுக்குவழி. சில எஞ்சின்களில் அது பிழைத்துவிடும். ஆனால் வேறு பல எஞ்சின்களில், தேர்மோஸ்டற் திறக்குமுன் திரவம் சுற்றிவரும் வழிகளில் ஒன்றாக ஹீற்றர் பாதைதான் இருக்கும். அதை அடைத்தால் எஞ்சினின் ஒரு பகுதி கொதிக்கும், தேர்மோஸ்டற்றுக்கு அந்தச் செய்தி பிந்தித்தான் போகும். வேறு உறுப்புகளுக்கும் அதே ஹோஸிலிருந்து கிளை போகக்கூடும். எனவே அடைப்பதைவிடச் சுற்றிவிடுவதே பாதுகாப்பு.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஹோஸ், ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் குழாய், வீட்டுத் தண்ணீர்க் குழாயின் பிவிசி துண்டு ஆகியவை வேண்டாம். பிவிசி 80 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். எஞ்சின் திரவம் சாதாரணமாகவே அந்தச் சூட்டில்தான் ஓடும். உள்ளே நூல் பின்னிய, ஹீற்றருக்கென்றே செய்த ரப்பர் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள்.

மஞ்சள்தூள் போடுவது, ஓட்டை அடைக்கும் மருந்து ஊற்றுவது போன்ற கைவைத்தியங்கள் சில வேளை ஒழுக்கை நிறுத்தும். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூள், ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களையும் அடைக்கும்.

இழப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். மழை நாளில் கண்ணாடிப் புகாரை நீக்கச் சூடான காற்று இருக்காது. ஏசி வேலை செய்தால் அதை வைத்துச் சமாளிக்கலாம். நுவரெலியாவுக்குப் போனால் குளிரத்தான் செய்யும். எஞ்சின் எல்லைமீறிச் சூடேறும்போது ஹீற்றரை முழுதாகத் திறந்து கொஞ்சம் சூட்டை இறக்கும் பழைய உபாயமும் இனிக் கைகொடுக்காது.

ஓட்டை போட்டது யார்?

வேலை முடிந்தது என்று நினைத்து எழும்பினேன். அண்ணை கழற்றிய பழைய ஹோஸை என்னிடம் காட்டினார். உட்புறத்தில் வெள்ளையும் செந்துருவும் கலந்த படை ஒன்று தடிப்பாக ஒட்டியிருந்தது.

"உங்கட வீட்டுக் கேத்தலுக்குள்ள பாத்திருப்பியள். அதுதான் இது" என்றார்.

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கின்றன. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. சூடாக்கினால் கரைந்தது திரும்பவும் படிகிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளை அதுதான். தீவகத்தில் இதோடு உப்பும் சேர்கிறது. நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே வருகிறது. சாட்டி, மண்கும்பான், அல்லைப்பிட்டிப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. மற்ற இடங்களில் பவுசர் வரும் நாளைப் பார்த்துக் குடங்களும் கான்களும் வரிசையில் நிற்கும்.

குடிக்கவே உதவாத அந்தத் தண்ணீரைத்தான் எஞ்சினுக்குள் ஊற்றுகிறோம். சுண்ணாம்பு ஒடுங்கிய குழாய்களில் படிகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கிறது. யப்பான் வாகனங்களுக்குரிய கூலன்ட் பலவற்றில் துருவைத் தடுக்கப் பொஸ்பேற் சேர்த்திருப்பார்கள். கடினமான கிணற்றுத் தண்ணீருடன் கலந்தால் அந்தப் பொஸ்பேற்றும் சுண்ணாம்போடு சேர்ந்து படிந்துவிடும், காப்பு போய்விடும்.

ஹீற்றர் கோரின் குழாய்கள் ஒடுங்கியவை, தகடு மெல்லியது. அதனால் அது முதலில் போகிறது. அதைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால், அடுத்து ரேடியேற்றர், வோட்டர் பம்ப், கடைசியில் சிலிண்டர் ஹெட். ஹெட் போனால் சித்தப்பாவைப் போன்றவருக்கு அது ஒரு வருட உழைப்பு.

தீர்வு விலை கூடியதல்ல. மழைநீர் போதும். கூரையை முதல் இரண்டு மூன்று மழை கழுவிப் போனபின், சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வடிகட்டி எடுத்தால் அதில் சுண்ணாம்பும் உப்பும் மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து கான் பிடித்து மூடி வைத்தால் வருடம் முழுவதற்கும் ஒரு வானுக்குக் காணும். கடையில் வாங்குவதென்றால் பற்றரிக்கு விடும் தூய நீரை வாங்கலாம். பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள். அதோடு கூலன்டைப் பாதிக்குப் பாதி கலக்கவேண்டும். இங்கே தண்ணீர் உறையாதே, கூலன்ட் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. துரு பிடிக்காமல் காப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும் அது வேண்டும். ஏற்கனவே படிந்ததைக் கரைக்கக் கழிவறை கழுவும் அசிட்டை ஊற்றவேண்டாம். அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

வடித்ததை எங்கே ஊற்றுவது?

இது எல்லாவற்றையும்விட முக்கியம். பழைய கூலன்டை வேலிக்கரையில் ஊற்றிவிடுவது வழக்கம். அதன் இனிப்பு மணத்துக்கு நாயும் பூனையும் வந்து நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் பழுதாகிச் சாகும். பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் நிலத்தில், ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். சில அடி ஆழத்தில் கிணறு. உங்கள் கிணறு அயலவரின் கிணறுந்தான். வடித்ததைப் போத்தலில் விட்டு, மூடி, 'நஞ்சு' என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜ் ஒன்றில் கேட்டு ஒப்படையுங்கள்.

தற்காலிகம்

எங்கள் பெற்றோரின் தலைமுறை தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டியது. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இல்லாததைக் கொண்டு ஓட்டும் அந்தக் கைப்பழக்கம் இன்னும் எங்கள் கராஜ்களில் இருக்கிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு பழுதும் உண்டு. வாகனம் ஓடத் தொடங்கியதும் ஏன் நின்றது என்பதை மறந்துவிடுகிறோம்.

அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். வெள்ளைப் பிளாஸ்ரர் ஒன்றில் 'முன் ஹீற்றர் சுற்றிவிடப்பட்டது' என்றும் திகதியையும் எழுதி, இருக்கையின் அடியில் ஒட்டினேன். அதற்குக் கீழே, 'கிணற்றுத் தண்ணி விடவேண்டாம்' என்றும். நாளைக்கு வானைக் கையில் எடுக்கும் எவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். நீங்களும் செய்தால் அப்படியே எழுதி வையுங்கள். உங்கள் வானில் எப்போதோ செய்யப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை இருக்கையைத் தூக்கியும் பாருங்கள்.

சிகிச்சை நாளன்று காலை 5 மணிக்கு வான் புறப்பட்டது. கம்பளம் காய்ந்திருந்தது. சூட்டு முள் பாதிக்குக் கீழேயே நின்றது. வீட்டுப் பீலியின் கீழே இரண்டு கான்களை வைத்துவிட்டுத்தான் சித்தப்பா வானை எடுத்தார்.